மூன்று மீட்டர் போதும்

முதல் துளையின் பதினோராவது கோப்பையிலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் வந்தது.

கோப்பை என்றால், கல்யாண வீட்டில் சிரப் ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் கோப்பை. அதில் இருபதை ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி வைத்திருந்தார் திலகா. எதிரே பாறைச் சுவர். மூன்று இரும்புக் கைகள் கொண்ட ஓர் இயந்திரம் அந்தச் சுவருக்குள் நீளமான தண்டு ஒன்றைச் செலுத்திக்கொண்டிருந்தது. தண்டு ஒவ்வொரு மீட்டர் உள்ளே போகும்போதும், துளையிலிருந்து வழியும் தண்ணீரைத் திலகா ஒரு கோப்பையில் பிடிப்பார். கருங்கல்லைத் துளைத்தால் தண்ணீர் பால் மாதிரி வரும். பதினொரு கோப்பை பால் ஆகிவிட்டது.

நான் பக்கத்தில் நின்றேன். என் கால் எட்டு. கொடுத்த பூட்ஸ் பத்து. நடந்தால் முதலில் நான் போவேன், சற்றுப் பொறுத்து பூட்ஸ் வரும். மூக்கில் டீசல் புகையும் ஈரக் கல்லின் வாசனையும். ஓய்வு பெற்றவன் பொழுதைக் கழிக்கும் இடமா இது என்று என் மனைவி சரஸ் காலையிலேயே கேட்டிருந்தாள்.

எங்களுக்குப் பின்னால் திட்ட மேலாளர் லிம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே சுவரில் வெடி வைத்து மூன்று மீட்டர் முன்னேற வேண்டும் என்பது அவருடைய அட்டவணை. எதிரே இருப்பது பாறையே அல்ல, வெடி வைத்தால் கூரை பன்னிரண்டு பேர் தலையில் இறங்கும் என்பது திலகாவின் வாதம்.

கடைசிக் கோப்பை வரை வெள்ளையாக வந்தால் திங்கட்கிழமை முதல் திலகாவுக்கு இங்கே வேலை இல்லை. லிம் அதைப் பதவி உயர்வு போலவே அறிவித்திருந்தார்: பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பணி, நாள் முழுதும் குளிர்சாதனம்.

"பன்னிரண்டு," என்றார் திலகா. வெள்ளை.

எந்தச் சுரங்கம், யார் கட்டுவது என்று கேட்காதீர்கள். பினாங்குத் தீவில் ஒரு மலை, அதற்குள் ஒரு சாலை. அவ்வளவு போதும். பத்திரிகை ஆசிரியருக்கு வழக்கறிஞர் கடிதங்கள் பிடிக்காது.

ஒரு வாசகியின் அழைப்பு

நான் அங்கே போய் நின்றதற்கு இந்தப் பத்திரிகைதான் காரணம்.

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் முனியாண்டி கதையை எழுதியிருந்தேன். தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: பல ஆண்டுகளுக்கு முன், மலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காக நிலத்தைத் துளையிட்டுச் சோதித்தோம். துளையிடும் குழுவின் தலைவர் தாசேக் கெலுகோர் ஊர்க்காரர் முனியாண்டி. பொறியாளர் நான். தைப்பூசத்துக்கு முந்தின நாள். பதினோரு மீட்டர் ஆழத்தில் கல் தட்டியது. கல்லுக்குள் மூன்று மீட்டர் போனதும், காவடி எடுக்க அவசரமாக இருந்த முனியாண்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "முருகன் கூப்பிடறாரு சார். பாறை எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

இருபது வருடங்களாக விருந்துகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. அச்சில் வந்ததும் பலர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். எனவே ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் குரல் வந்தபோது, நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடக்கமாகத்தான் பேசினேன்.

"சார், நீங்கதானே முனியாண்டி கதை எழுதினது?"

"ஆமாம்மா. ரொம்ப சிரிச்சீங்களா?"

"இல்ல சார். பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டேன். அந்தத் துளை, டுரியான் தோட்டத்துக்கு மேல போட்டதா?"

"ஆமாம். தொட்டியைக் கட்டவே இல்லை. துளையோட சரி."

"அதுக்கு அடியிலதான் சார் நாங்க இப்போ சுரங்கம் தோண்டிக்கிட்டுப் போறோம். உங்க துளையை நம்பித்தான் வரைபடமே போட்டிருக்காங்க."

அவர்தான் திலகா. நாற்பது வயது இருக்கும். அந்தச் சுரங்கத்தின் நிலவியல் பொறுப்பு அவருடையது.

"மூணு மீட்டரோட நிறுத்திட்டீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க," என்றார். "நாளன்னிக்குக் கூட்டம் இருக்கு. வர முடியுமா சார்?"

வாசகர் கடிதங்களில் எனக்கு வந்ததிலேயே இதுதான் உருப்படியானது.

செண்டோல் கிண்ணம்

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், கரும்பலகை இல்லை.

நம் மலைகள் கருங்கல். ஆனால் முழுக் கல் அல்ல. காலகாலமாக மழையும் வெயிலும் மேல்பகுதியை மண்ணாக அரித்துவிட்டன. அரிபடாமல் தப்பிய துண்டுகள் உருண்டைப் பாறைகளாக அந்தச் செம்மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. சில கால்பந்து அளவு, சில வேன் அளவு, சில இரண்டு மாடி வீட்டளவு. இவற்றுக்கெல்லாம் வெகு கீழேதான் நிஜமான பாறை.

மேலிருந்து துளையிடுகிறவனுக்குக் கல் தட்டியதும் சந்தேகம் வர வேண்டும்: இது உருண்டையா, அடிப்பாறையா? தேங்காய்ப்பாலில் அவரை போட்ட செண்டோல் இனிப்புக் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, ஒரு சிவப்பு அவரை தட்டுப்பட்டதும், கிண்ணம் முழுக்க அவரைதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அதற்காகத்தான் எங்கள் காலத்தில் ஒரு விதி வைத்திருந்தோம். கல்லுக்குள் தொடர்ந்து மூன்று மீட்டர் போ. அப்போதும் கல் என்றால் அடிப்பாறை என்று எழுது. மூன்று மீட்டருக்கு மேல் பெரிய உருண்டைகள் இந்தத் தீவில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கடற்கரையோரம் நடந்தாலே தெரியும், அவற்றின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் விதி மூன்று என்றது. நாங்கள் மூன்று என்றோம்.

தண்ணீர்த் தொட்டிக்கு அது போதும்தான். அதே துளையை ஒருநாள் சுரங்கத்துக்கும் பயன்படுத்துவார்கள் என்று யார் கண்டது?

ஏன் புதிதாகத் துளை போடவில்லை என்று திலகாவிடம் கேட்டேன்.

"தோட்டத்து முதலாளி, அந்த தவுக்கே, உள்ள விடல சார். மெஷின் ஆட்டினா பூ கொட்டிரும்னாரு. பூ முடிஞ்சதும் காய். காய் முடிஞ்சதும் மறுபடி பூ."

டுரியானை எதிர்த்து இந்த ஊரில் எந்தத் திட்டமும் ஜெயித்ததில்லை. வரைபடம் போட்டவர்கள் பழைய கோப்புகளைத் துழாவி என் துளையைக் கண்டெடுத்தார்கள். பதினோரு மீட்டரில் பாறை. சுரங்கத்தின் கூரையோ இருபத்தாறு மீட்டரில். ஆக, கூரைக்கு மேல் பதினைந்து மீட்டர் கெட்டிப் பாறை என்று கணக்கிட்டு, நல்ல பாறைக்குரிய சிக்கனமான தாங்கல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நல்ல பாறை என்று எழுதப்பட்ட இடத்தில், வெடிக்கு முன் நீளத் துளை போட்டு முன்னே என்ன இருக்கிறது என்று பார்க்க விதி கட்டாயப்படுத்தவில்லை. திலகா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். லிம் அதைத்தான் மறுத்துக்கொண்டிருந்தார்.

சொல்லப்போனால், லிம் விதிப்படி சரி. அந்த மாதிரி விதிகளில் பாதியை எழுதிய குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

டத்தோ கிராமாட்டில் ஒரு விளக்கு

மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தால் கதையே வேறு. ஜார்ஜ் டவுனின் கீழே பல இடங்களில் கடல் களிமண். டோடோல் அல்வா மாதிரி. கத்தியை விட்டால் வழிவிடும், எடுத்தால் மூடிக்கொள்ளும்.

என் இளமைக்காலத்தில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சாக்கடைக் குழாயைத் தெருவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனோம். மேலே வீடுகள் இறங்குகின்றனவா என்று பார்க்கச் சுவர்களில் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்களைப் பதித்து, வாரம் ஒருமுறை அளப்போம். அளவுகள் பிரமாதமாக இருந்தன. வீடுகள் அசையவே இல்லை.

ஒருநாள் காலை ஒரு வீட்டு அக்கா வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"தம்பி, உங்க குழாய் வந்ததுல இருந்து எங்க சாமி விளக்கு சாயுது."

"விளக்கு சாயாதுக்கா. நாங்க அளந்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நீ வாரத்துக்கு ஒருநாள் அளக்கிற. நான் ரெண்டு வேளையும் விளக்கேத்தறேன். எண்ணெய் ஒரு பக்கமா ஓடுது, வந்து பாருலா!"

போய்ப் பார்த்தேன். ஓடத்தான் செய்தது. எங்கள் குமிழைப் பதித்த சுவர் பழைய மரத்தூண் அடித்தளத்தில் நின்றது; அக்காவின் பூசை அறை பின்னால் இழுத்துக் கட்டியது, வெறும் களிமண் மேல். பின்பகுதி மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்றே குழாயை நிறுத்தினோம். அறிக்கையில் "கூடுதல் கண்காணிப்பின் மூலம் கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். அந்தக் கூடுதல் கண்காணிப்பு யார் என்று எழுத அறிக்கையில் இடமில்லை.

அறிக்கையில் ஆளை விட்டுவிடும் இந்தப் பழக்கம் என்னிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இனி கூட்டத்துக்குப் போவோம்.

கறிபாப்போடு ஒரு கூட்டம்

கொள்கலனைக் கூடமாக மாற்றிய அறை. மேசையில் கறிபாப் பலகாரத் தட்டு. லிம், திலகா, நான், பேசாமல் குறிப்பெடுக்க வந்த நால்வர். லிம் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். 'அங்கிள்' மட்டும் அப்படியே.

"அங்கிள், நீங்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை பாறை என்கிறது. உங்கள் வாய் பாறை இல்லாமலும் இருக்கலாம் என்கிறது. நான் எதை நம்ப?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! முனியாண்டி கதையை எடுத்துவிட்டேன். காவடி, முருகன், ஓடிப் போகாத பாறை. குறிப்பெடுக்க வந்தவர்கள்கூடப் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் லிம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல கதை லா, அங்கிள். காகிதம் இருக்கிறதா?"

"எதற்கு?"

"ஒரு டிரில்லர் அவசரமாக வீட்டுக்குப் போனார் என்று பத்திரிகையில் வந்த நகைச்சுவைக்காக நான் வெடியை நிறுத்த முடியாது. கையெழுத்திட்ட அறிக்கை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டுமானால் அதில் கையெழுத்திட்டவர்தான் திருத்த வேண்டும், ஆதாரத்தோடு. விதி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஒப்புக்கொள்ள வேண்டும், மனிதர் பாடத்தை நன்றாகப் படித்திருந்தார்.

திலகா அதுவரை சிரிக்கவில்லை. தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, மற்றவர்கள் பார்க்காதபடி என் பக்கம் நகர்த்தினார். என் கதையைப் படித்த மறுநாள் பழைய கிடங்கில் பெட்டி பெட்டியாகப் புரட்டி எடுத்தது என்று பிறகுதான் சொன்னார். அது முனியாண்டியின் தினக்குறிப்புத் தாள். துளையிடும் குழு அன்றாடம் எழுதிக் கொடுப்பது. அதைப் பார்த்துத்தான் பொறியாளர் முறையான அறிக்கை தயாரிப்பார். தயாரித்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை.

கறைபடிந்த தாள். கட்டை விரல் ரேகைகூடக் கிரீஸில் பதிந்திருந்தது. பெரிய பெரிய எழுத்தில் மலாய். தமிழில் இவ்வளவுதான்:

கடைசி ஒரு சாணுக்குக் குழாயில் கல் மேலே வரவில்லை. தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. இன்னும் இரண்டு மீட்டர் போகலாமா என்று சாரைக் கேட்டேன். சார் போதும் என்றார்.

கீழே நேரங்கள். பொறியாளர் கையெழுத்திட்டுச் சென்றது: மூன்று பத்து. இயந்திரத்தைக் கழற்றிக் குழு வெளியேறியது: ஆறு நாற்பது.

என் கையெழுத்து இருந்தது. அப்போதெல்லாம் அழகாகப் போடுவேன்.

அந்தப் பிற்பகல் முழுசாகத் திரும்பி வந்தது. தைப்பூசத்துக்காகத் தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் சாலைகளை மூடுவதற்குள் காடியை ஓட்டிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும் என்று இருந்தது எனக்குத்தான். ஈப்போவிலிருந்து சரஸின் அண்ணன் குடும்பம் வருவதாக இருந்தது. வராத அந்தக் கடைசிச் சாண் கல்லைப் பற்றி, துளையிடும்போது உடைந்து தண்ணீரோடு போயிருக்கும் என்று நானே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன். தண்ணீரின் நிறத்தைப் பற்றி எழுத அறிக்கைப் படிவத்தில் தனிப் பத்தி இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் எழுதியிருந்தது: எதுவுமில்லை.

இருபது வருடமாக அவசரக்காரன் வேடத்தை இன்னொருவருக்குப் போட்டு விருந்துகளில் ஆடவிட்டிருக்கிறேன்.

தப்பிக்க வழி தெரியாமல் இல்லை. டிரில்லரின் தாள் ஒப்பந்த ஆவணமே அல்ல என்று ஒதுக்கியிருக்கலாம். இரண்டு வாரம் அவகாசம் கேட்டு மறு ஆய்வு என்று இழுத்திருக்கலாம். அதற்குள் வெடி வைத்து முடித்திருப்பார்கள். பொதுவாக எச்சரிக்கை தேவை என்று ஒரு வரி சொல்லிவிட்டு இன்னொரு கறிபாப் எடுத்திருக்கலாம். எல்லாமே முறைப்படி சரி.

திலகா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் உதிர்ந்த கறிபாப் துகள்களை விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

நான் தாளை உரக்கப் படித்தேன். நேரங்கள் உட்பட.

லிம் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"அப்படியானால் அவசரமாக வீட்டுக்குப் போனது யார்?"

"நான்."

"சற்றுமுன் டிரில்லர் என்றீர்களே."

"அது தப்பு. திருத்தப் படிவம் கொடுங்கள்."

"ஓய்வு பெற்றவர் கையெழுத்து செல்லுமா, அங்கிள்?"

செல்லும். பொறியாளர் பதிவை ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு இந்த வெட்டி வேலை என்று சரஸ் வருடா வருடம் கேட்பாள். வெறும் பந்தாதான். அன்று ஒருநாள் பந்தா பயன்பட்டது.

படிவத்தில் எழுதினேன்: இந்தத் துளையில் அடிப்பாறை உறுதி செய்யப்படவில்லை, ஆகவே அடுத்த வெடிக்கு முன், முன்னோக்கி இருபது மீட்டர் நீளத்தில் சோதனைத் துளைகள் இரண்டுக்குக் குறையாமல் இட வேண்டும், அவற்றில் ஒன்று கூரையருகே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கையெழுத்து. பழைய அழகு இல்லை. வயதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

லிம் அதைப் படித்து, எதிர்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திலகாவிடம் சொன்னார், "இன்று பிற்பகல் போடுங்கள். ஒன்றுமில்லை என்றால் திங்கட்கிழமை பாயான் லெப்பாஸ்."

இரண்டாவது துளை

ஆக, அந்தப் பிற்பகலுக்குத் திரும்புகிறோம். பன்னிரண்டாவது கோப்பை வெள்ளை என்று விட்டேன். பதின்மூன்றும் வெள்ளை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மொத்தமும் பால். பலகையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் காலைப் பால் கொடுப்பதற்கு அடுக்கி வைத்த மாதிரி இருந்தது.

லிம் குனிந்து ஒருமுறை வரிசையைப் பார்த்தார். "சரி. முடிந்தது."

"இன்னொண்ணு இருக்கு," என்றார் திலகா.

"முழு நீளமும் பாறை. போதும்."

போதும் என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே சொன்னதுதான்.

"இரண்டுக்குக் குறையாமல்," என்றேன். "படிவத்தில் இருக்கிறது. நீங்களும் எதிர்க் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

லிம் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அவரும் விதியை மதிப்பவர். இயந்திரத்தின் கை மேலே உயர்ந்தது, கூரையருகே சாய்வாகத் தண்டைப் பொருத்தியது.

திலகா புதிய கோப்பைகளை அடுக்கினார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பாயான் லெப்பாஸ் போனா காலையில ஃபேக்டரி பஸ் கூட்டத்துல மாட்டிக்கணும் சார். அதுதான் பயம்."

ஒன்று, வெள்ளை. இரண்டு, மூன்று, வெள்ளை. நான்கு வெள்ளை. மேலிருந்து வழிந்த தண்ணீர் என் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது, நகரத் தோன்றவில்லை.

ஐந்தில் தண்டின் சத்தம் மாறியது. அதுவரை கணீரென்று அடித்தது, திடீரென்று மெத்தையைத் தட்டுவது போல் மழுங்கியது. தண்டு விறுவிறுவென்று உள்ளே ஓடியது. தண்ணீர் நின்றுபோனது. இரண்டு மூன்று நொடிகள் ஒன்றுமே வரவில்லை. பிறகு துளை ஒருமுறை கனைத்துவிட்டு, குபுக்கென்று கொட்டியது.

ஆறாவது கோப்பையில் மைலோ நிறத்தில் சேறு.

இயந்திரத்தை ஓட்டிய இந்தோனேசியக்காரர் விசையை விட்டுக் கையை எடுத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வெடி மூன்று மீட்டரைத் தின்றிருக்கும். மிச்சம் இரண்டு மீட்டர் கல், அதற்குப் பின்னால் ஈரமான செம்மண், அதற்கு மேல் ஒரு தோட்டம். அந்த இரண்டு மீட்டருக்கு அடியில் பன்னிரண்டு பேர் நின்று வேலை செய்திருப்பார்கள்.

லிம் கோப்பையை எடுத்து விளக்கருகே தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார், எதற்கோ. பிறகு தொலைபேசியை எடுத்து நாளைய வெடி ரத்து என்று ஒரே வரியில் சொன்னார். திலகாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கூரைக்கு எத்தனை இரும்புக் குழாய் வேண்டும் என்று இன்றே பட்டியல் கொடுங்கள். திங்கட்கிழமை காலை இங்கே பார்க்கிறேன்" என்றார்.

"இங்கேயா?"

"வேறு எங்கே?"

திலகா அந்தக் கோப்பையை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் சாய்க்காமல் வைத்து, கடையில் வாங்கிப் போகும் தேத்தண்ணியைக் கட்டுவது போல ரப்பர் வளையம் போட்டார்.

தாசேக் கெலுகோர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி எதிர்க்கரைக்குப் போனேன். முனியாண்டியின் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "சார், வாங்க சார்! தேவி, சார் வந்திருக்காரு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

மகள் தேவி கோப்பி கொண்டுவந்தார். சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் நான் எழுதிய அத்தியாயம் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலையில் ஓட்டை போட்டு, நாடா கட்டி.

"அப்பா பேரு பேப்பர்ல வந்துச்சுல்ல அங்கிள்," என்றார் தேவி.

கோப்பியைக் கீழே வைத்தேன். திலகா தந்த நகலை எடுத்து முனியாண்டியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"என் எழுத்துதான் சார். அந்தக் காலத்துல நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

"அந்த வருஷம் நீங்க காவடி எடுத்தீங்களா?"

"நான் எங்க எடுத்தேன்? எங்க அண்ணன்தானே எடுத்தாரு. நாங்க மெஷினைக் கழட்டி இறக்கிட்டுப் போறதுக்குள்ள அவரு பாதி தூரம் போயிட்டாரு."

"பாறை எங்கயும் ஓடிப் போகாதுன்னு..."

"அது நீங்க சொன்னது சார்." கோபமே இல்லாமல் சொன்னார், பம்பில் எந்தத் திருகு எங்கே போகும் என்று சொல்வது போல.

"படிச்சதும் ஏன் ஒரு போன் போட்டுச் சொல்லல?"

"எதுக்கு சார்? கோவில்ல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார். "மருமவன்கிட்ட மட்டும் சொன்னேன். இன்னும் ரெண்டு மீட்டர் போவலாமான்னு நான் கேட்டேன்டான்னு. அவன் நம்பல. பேப்பர்லயே போட்டிருக்கே மாமாங்கிறான்."

நான் சுரங்கத்தில் நடந்ததைச் சொன்னேன். தண்டு ஓடியது, தண்ணீர் நின்றது, ஆறாவது கோப்பை. எல்லாவற்றையும் கேட்டார். நிறத்தை இரண்டு முறை கேட்டார்.

"அந்தப் பொண்ணு மொத்தம் எத்தனை மீட்டர் போட்டுச்சு சார்?"

"முதல் துளை இருபது. ரெண்டாவதுல ஆறு."

முனியாண்டி பம்பின் மூடியைக் கையில் எடுத்து, துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"நான் ரெண்டுதான் சார் கேட்டேன்."

கையெழுத்திட்டவன்தான் திருத்த வேண்டும் என்பது விதி. எனவே:

திருத்தம். இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன் வந்த முனியாண்டி கதையில், அவசரப்பட்டவர் முனியாண்டி என்று எழுதியது தவறு. அவர் இன்னும் இரண்டு மீட்டர் போகலாம் என்றார். போதும் என்று சொன்னவன் நான். நான் கிளம்பியது மூன்று பத்துக்கு. அவர் கிளம்பியது ஆறு நாற்பதுக்கு.

குறிப்புகள்: தேவி, சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு அந்த நாடாவில் இதைக் கட்டவும். மருமகன் கண்ணில் படும் உயரத்தில்.